காதுக்கு முன்னால் ஒரு மூட்டு

இரண்டு சுட்டுவிரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். பக்கத்திலிருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். விரலுக்கடியில் ஒன்று உருண்டு, பிறகு முன்பக்கம் நழுவுகிறதா? அதுதான் தாடை மூட்டு. கீல்போலச் சுழலும், சறுக்கவும் செய்யும். இடதும் வலதும் ஒரே எலும்பின் இரு முனைகள் என்பதால், ஒன்று முரண்டு பிடித்தால் மற்றதும் சிரமப்படும். உடம்பிலேயே எனக்குப் பிடித்த மூட்டு. கொஞ்சம் நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பாலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு ஓர் ஆயா வந்தார். "காதுக்குள்ள பூச்சி பூந்துகிச்சி கண்ணு, கரகரன்னு சத்தம் போடுது" என்றார். காதில் ஒன்றுமில்லை, தேய்ந்த மூட்டு உரசும் சத்தம். சாமைச் சோற்றைக் குழைய வடித்தாலும் மெல்ல முடியவில்லை. நம் விரல்கள் மூன்றை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவேண்டும். ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். ஆயாவுக்கு ஒன்றரை விரல்தான்.

முதலில் மிருதுவான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், வலி மாத்திரை, தாடைப் பயிற்சி. பலருக்கு இவையே போதும். ஆயாவுக்குப் போதவில்லை.

அடுத்ததுதான் ஊசி. காதின் முன்புறத்தை மரத்துப்போகச் செய்து, மூட்டின் மேலறைக்குள் இரண்டு ஊசிகளை இறக்குவோம். ஒன்றில் உப்புநீர்க் கரைசல் உள்ளே போகும், மற்றதில் வெளியே வரும். அழற்சியைக் கிளறும் பொருள்கள் அதோடு அடித்துக்கொண்டு போகும். முன்பு மூட்டுக்குள் குழாய்க் கேமராவை விட்டு, மூட்டெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டு நகர்ந்திருந்தால் அதைச் சரிசெய்வார்கள். அப்புறமும் வட்டு நகர்ந்த இடத்திலேயே கிடந்தாலும் வாய் திறந்தது! கழுவியதுதான் வேலை செய்திருக்கிறது என்று புரிந்து, இந்த எளிய முறையை 1991இல் டோரிட் நிட்சானும் சகாக்களும் வெளியிட்டார்கள். ஒரு பெரிய கருவியை ஓரங்கட்டிய அந்த யோசனை என்னை இன்றும் அசத்துகிறது.

கழுவியபின் ஹைலூரானிக் அமிலம் போடலாம். மூட்டு நீரிலேயே இயல்பாக உள்ள வழுவழுப்புப் பொருள் அது. ஸ்டீராய்டு ஊசி அழற்சியைச் சீக்கிரம் அடக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் மூட்டையே கெடுக்கக்கூடும். நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் தட்டணு ஊசியும் உண்டு. எது உசத்தி என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. தேய்ந்த எலும்பை எதுவும் பழையபடி ஆக்கிவிடாது.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஊசிக்குப் பின் ஆயாவுக்கு இப்போது இரண்டரை விரல் நுழைகிறது. பயிற்சியை விடாமல் செய்கிறார். மலையிலிருந்து வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ இறங்கும்போது, பெரிய ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் "தாடை மூட்டு வலி" என்று சொல்லிக் கேளுங்கள். அதுவரை காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றமாட்டீர்கள் என நம்புகிறேன்.