வறுமையின் வேர்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருள் வறுமை ஏன் நீங்கவில்லை என வினவின், விதி என்பார் சிலர். அரசின் குறை என்பார் சிலர். நோய்முதல் நாடாது மருந்திடுதல் பயனற்றது. ஆதலின் வேரை நாடுவோம்.

எம் வகுப்பில் முதல்வனாய் விளங்கிய மாணாக்கனொருவன், தமக்கையின் திருமணம் முடிந்த மறு திங்களே பள்ளிக்கு வாராதொழிந்தான். இல்லஞ் சென்று வினவினோம். "வட்டி கட்டவேண்டும் வாத்தியாரையா, செங்கற்சூளைக்கு அனுப்பிவிட்டோம்" என்றார் தந்தையார்.

நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் ஓரிலக்கம் வாங்கினால், மாதந்தோறும் வட்டி 2,000 ரூபாய். நான்காண்டும் இரண்டு திங்களும் கழிய, வட்டியே ஓரிலக்கமாகிவிடும். முதலோ காசளவுங் குறையாது நிற்கும். பந்தலும் மேளமும் மூன்று நாளில் மறையும். கடனோ மகனின் கல்வியை விழுங்கும். கல்வியிழந்தவன் கூலியாளாகித் தன் மகளுக்கும் கடனே வாங்குவான். வரதட்சிணையை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிற்று; நாமோ அதற்குச் 'சீர்' எனப் பெயரிட்டுப் போற்றுகின்றோம்.

இதற்கு மருந்துண்டு. விருதுநகர் நாடார் குலத்தார் தம் வணிகத்தில் ஒரு சிறு பகுதியை 'மகமை' யெனப் பொதுநிதிக்கு ஒதுக்கினர். வீடுதோறும் பிடியரிசி திரட்டினர். 1889-இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். அங்குப் பயின்ற காமராசரே 1954-இல் முதலமைச்சராகி, 1956-இல் பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். பிடியரிசியின் பெருமை இத்தகையது!

மற்றொரு வேருமுண்டு, சொல்ல நாக் கூசினும் சொல்லாதொழிதல் தகாது. பிறர் நம்மைத் தாழ்த்தினர் என மேடைதோறும் முழங்குகின்றோம். நம் வயலில் உழைப்பார்க்குத் தனிக்குவளை வைத்திருப்போர் இவ்வவையில் இலரோ? தீண்டாமையை 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு ஒழித்தது. கொத்தடிமையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆயினும் நம் திண்ணையில் அவை இன்னும் அமர்ந்திருக்கின்றன. உழைப்பாளியின் கூலியைக் குறைத்து நாம் செல்வராகுதல் வறுமையை அடுத்த வீட்டிற்கு அனுப்புவதேயாகும்.

ஆதலின் மூன்று செய்வோம். திருமணத்தை ஒரு நாளில், கடனின்றி முடிப்போம். திங்கள்தோறும் இயன்றது ஈந்து கல்வி நிதியொன்று அமைப்போம். அந்நிதி, நம் வயலில் உழைப்பார் பிள்ளைகட்கும் உரியதென இன்றே தீர்மானிப்போம்.

சூளைக்குச் சென்ற அம்மாணாக்கனை மீண்டும் வகுப்பிற் காண விழைகின்றோம். அன்பர்களே, முதற்பணம் எம்முடையதாகுக.