முதலில் கேள்வி, அப்புறம் ஸ்பேனர்



காய்கறி ஏற்றும் பழைய பிக்கப் வண்டி, 80 கி.மீ. வேகத்தில் நடுங்குது. கடன் வாங்கி நாலு டயரும் மாற்றியாச்சு, நடுக்கம் போகவில்லை. இப்படி வரும் வண்டிகள் நிறைய.

காலியான நேர்ச் சாலையில், நடுங்கும் வேகத்தில் நியூட்ரலுக்கு வாருங்கள். நடுக்கம் உடனே நின்றால் முதலில் எஞ்சின், அதன் மவுண்டிங், கிளட்ச் பக்கம் பாருங்கள். நிற்கவில்லையா? சக்கரம் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட். பிரேக் போடும்போது மட்டும் என்றால் டிரம், டிஸ்க்.

அடுத்தது கணக்கு. 2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் அந்த வேகத்தில் நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றும். பின் ஆக்ஸில் விகிதம் 4 என்றால், ஷாஃப்ட் 44 முறை! ஆகவே ஸ்டியரிங் மெதுவாக உதறினால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டுக்கு அடியில் 'கிர்ர்' என்று அதிர்ந்தால் ஷாஃப்ட். தேய்ந்த கிராஸ், சென்டர் பேரிங், உதிர்ந்த பேலன்ஸ் வெயிட் இவற்றைப் பாருங்கள். கழற்றுமுன் அடையாளக் கோடு போடுங்கள். யோக் திசை மாறி மாட்டினால் புது நடுக்கம் பிறக்கும்.

ஒரு கிராஸைக் கவனிக்காமல் விட்டால், ஓட்டத்திலேயே ஷாஃப்ட் கழன்று விழலாம். தம்பிகளே, வகுப்பில் போட்ட அதிர்வெண் கணக்கு ஒரு குடும்பத்தின் பிழைப்பையே காப்பாற்றும்.