யாருக்குக் கலியுகம்? – 'கல்கி 2898 ஏடி' படத்தை முன்வைத்து

(திரையிடலுக்குப் பின் நடந்த இளைஞர் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விமர்சிப்பதற்கு முன்னால் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். நாக் அஸ்வின் இயக்கத்தில் 2024 ஜூன் 27 அன்று வெளிவந்த 'கல்கி 2898 ஏடி' பார்ப்பதற்குப் பிரம்மாண்டமான படம். அறிவியல் புனைவு என்றால் நமக்கு இதுவரை ஒரு ரோபோ, ஒரு கால எந்திரம், ஒரு வேற்றுக்கிரகவாசி என்ற அளவில்தான் பெரும்பாலும் கிடைத்தது. இந்தப் படம் ஓர் உலகத்தையே கட்டி எழுப்பியிருக்கிறது. கங்கை வற்றிப்போன காசி. அதுதான் மிச்சமிருக்கும் கடைசி நகரம். அதன் தலைக்கு மேல், கவிழ்த்து வைத்த பிரமிடு போல மிதக்கிறது 'காம்ப்ளக்ஸ்'. தண்ணீர், மரம், பழம், நல்ல காற்று எல்லாம் மேலே. புழுதியும் பசியும் கீழே.

நாயகன் ஓட்டும் 'புஜ்ஜி' வண்டியைப் பார்த்தீர்கள் அல்லவா? அது வெறும் கணினி வரைகலை இல்லை. மஹிந்திரா நிறுவனமும் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து, சுமார் 6 டன் எடையில் உண்மையிலேயே ஓடுகிற வண்டியாகச் செய்தார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளும் வெல்டர்களும் செய்துகாட்டிய அறிவியல் அது. இசை நம்முடைய சந்தோஷ் நாராயணன். இவ்வளவு பேருடைய உழைப்பின் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. அந்த உழைப்பின் மீது ஏற்றிவைத்த கதையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அந்த 'காம்ப்ளக்ஸ்' திரையில் வந்ததும் உங்களில் சிலருக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்கும். 1920 ஜனவரி 31 அன்று வெளியான 'மூக்நாயக்' இதழின் முதல் தலையங்கத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் இந்து சமூகத்தைப் பல மாடிகள் கொண்ட ஒரு கோபுரத்துக்கு ஒப்பிட்டார். அதற்குப் படிக்கட்டும் கிடையாது, வாசலும் கிடையாது. எந்த மாடியில் பிறக்கிறாயோ அந்த மாடியிலேயே சாக வேண்டும். நூறு வருடம் கழித்து, பல நூறு கோடி ரூபாய் செலவில், ஏறத்தாழ அதே கோபுரத்தை ஒரு வணிகப் படம் வானத்தில் தொங்கவிட்டிருக்கிறது. வாசல் தரையைத் தொடவே தொடாத கோபுரம். சாதி ஒழிப்பைப் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல காட்சிப் படிமம் யார் தருவார்கள்?

நாயகன் பைரவாவும் நல்ல தொடக்கம்தான். பிரபாஸ் நடித்திருக்கும் இந்த மனிதன் பரிசுப் பணத்துக்காக ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிறவன். அவனுடைய லட்சியம் காம்ப்ளக்ஸை இடிப்பது இல்லை. 10 லட்சம் 'யூனிட்' சேர்த்து உள்ளே போய்விட வேண்டும், அவ்வளவுதான். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இங்கே மனிதனாகவே நடமாடுகிறது. மேலே இருப்பவன் மீது கோபம் வருவதற்குப் பதிலாக, மேலே போய் உட்கார வேண்டும் என்ற ஆசை வருகிறது. அதற்காகப் பக்கத்தில் இருப்பவனைக் காட்டிக்கொடுக்கவும் அவன் தயார். இவன் எப்படி மாறுவான்? எது இவனை மாற்றும்? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்திருந்தால் மகத்தான படம் ஒன்று வந்திருக்கும்.

படம் என்ன செய்கிறது? கடைசியில் அவன் கையில் அசுவத்தாமனின் கோலைக் கொடுக்கிறது. அது வில்லாக மாறுகிறது. அவன் கர்ணனின் மறுபிறவி என்று நமக்குத் தெரிய வருகிறது. திரையரங்கில் விசில் பறக்கிறது. அவன் எதையும் புரிந்துகொள்ளவில்லை, யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, மனம் மாறவும் இல்லை. அவனுடைய வலிமைக்குக் காரணம் போன பிறவி. பிறப்பால் மறுக்கப்படும் ஒருவனின் கதைக்குப் பிறப்பையே விடையாகச் சொல்லி முடிக்கிறார்கள். அதுவும் கர்ணனை வைத்து! தேரோட்டி மகன் என்று அரங்கத்தில் அவமானப்படுத்தப்பட்டவன் கர்ணன். அந்த அவமானம் 6000 ஆண்டுகள் கழித்தும் ஏன் தொடர்கிறது என்று கேட்க வேண்டிய இடத்தில், 'இவன் சாதாரண ஆள் இல்லை, முன்பே மாவீரன்' என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

6000 ஆண்டு என்று ஏன் சொல்கிறேன்? படத்தின் தலைப்பில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். கலியுகம் கி.மு. 3102-இல் தொடங்கியதாகப் பஞ்சாங்கக் கணக்கு. அதோடு 2898-ஐக் கூட்டினால் சரியாக 6000. ஆக, இந்த எதிர்காலத்துக்கு ஆண்டு குறித்துக் கொடுத்தது பஞ்சாங்கம்.

இப்போது அடிப்படையான கேள்விக்கு வருவோம். டிஸ்டோபியா என்றால் கெட்டுப்போன எதிர்காலம். யாருக்குக் கெட்டுப்போனது? மகாபாரதத்தின் வனபருவத்தில் மார்க்கண்டேயர் கலியுகத்தின் அடையாளங்களை வரிசையாகச் சொல்கிறார். அதன் சாரத்தை நம் மொழியில் சொல்கிறேன். சூத்திரர்கள் தர்மத்தை எடுத்துரைப்பார்கள், பிராமணர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். பெண்கள் தங்களுடைய துணையைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். மக்கள் தேவர்களின் கோயில்களை விட்டுவிட்டு 'ஏடூகம்' எனப்படும் எலும்புச் சின்ன மேடைகளை வணங்குவார்கள். அவை பௌத்தத் தூபிகளைக் குறிக்கின்றன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

தோழர்களே, இந்தப் பட்டியலை இன்னொரு முறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். உழைக்கும் சாதியில் பிறந்தவர் மேடையேறிப் பேசுகிறார். ஒரு பெண் தனக்குப் பிடித்தவரைத் திருமணம் செய்துகொள்கிறார். மக்கள் புத்தரிடம் போகிறார்கள். அவர்கள் உலக அழிவு என்று எழுதி வைத்ததை நாம் சமூகநீதி என்கிறோம். அதே பருவத்தில் கல்கி எதற்காக வருகிறார்? சம்பள கிராமத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 'மிலேச்சர்'களை அழித்து, அசுவமேத யாகம் செய்து, பூமியை பிராமணர்களுக்குக் கொடுக்க வருகிறார். கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் வர்ண ஒழுங்கைப் பழுது பார்க்கிற வேலை அது.

அம்பேத்கர் இதைத் தப்பவிடவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1987-இல் மகாராட்டிர அரசு வெளியிட்ட 'இந்து மதத்தின் புதிர்கள்' நூலில் கலியுகத்துக்கென்றே ஒரு புதிர் இருக்கிறது. 1200 ஆண்டுகளில் முடிய வேண்டிய கலியுகத்தை, தேவர்களின் ஓர் ஆண்டு மனிதர்களுக்கு 360 ஆண்டு என்று கணக்குப் போட்டு, 4,32,000 ஆண்டுகளாக ஏன் நீட்டினார்கள் என்று கேட்கிறார். முடியவே முடியாத கெட்ட காலம் என்று ஒன்றை நம்ப வைத்துவிட்டால், மனிதர்கள் எழுந்து நிற்க மாட்டார்கள். அவதாரத்துக்காகக் காத்திருப்பார்கள்.

இந்தப் படத்தில் காத்திருத்தலின் முழுப் பாரமும் ஒரு பெண்ணின் வயிற்றில் இறக்கி வைக்கப்படுகிறது. தீபிகா படுகோன் நடித்திருக்கும் எஸ்யூஎம்-80 காம்ப்ளக்ஸின் ஆய்வகத்தில் ஓர் எண். அங்கே கருவுற்ற பெண்களின் உடலிலிருந்து சாறு எடுத்து, கமல்ஹாசன் நடித்த சுப்ரீம் யாஸ்கினின் ஆயுளை நீட்டுகிறார்கள். கொடூரமான, வலுவான கற்பனை. அங்கிருந்து தப்பும் அவளுக்கு சுமதி என்று பெயர் கிடைக்கிறது. கல்கி புராணத்தில் கல்கியின் தாய்க்கும் அதே பெயர்தான். சம்பாலாவில் அவளை வணங்குகிறார்கள். மேலே அவள் வயிற்றைச் சுரண்டினார்கள், இங்கே பூசிக்கிறார்கள். உனக்கு என்ன வேண்டும் அம்மா என்று படம் அவளிடம் எங்கேயும் நின்று கேட்கவில்லை. சாதியைக் காப்பாற்றப் பெண்ணின் உடலைக் கட்டுக்குள் வைக்கிறார்கள் என்று 1916-இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் விளக்கினார். 2898-லும் அந்தக் கட்டு அவிழவில்லை.

'கமர்ஷியல் படத்தில் வேறு எப்படிச் சொல்ல முடியும்?' என்று ஒரு தோழர் கேட்கலாம். ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். அல்போன்சோ குவாரோன் இயக்கிய 'சில்ட்ரன் ஆஃப் மென்' 2006-இல் வந்தது. அங்கேயும் குழந்தையே பிறக்காத உலகம், அங்கேயும் கர்ப்பிணி ஒருத்தியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கதை. ஆனால் அவள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அகதிப் பெண். பிறக்கும் குழந்தை கடவுள் இல்லை, வெறும் குழந்தை. அதன் அழுகுரல் கேட்டு ராணுவத்தினர் சுடுவதை நிறுத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சுடத் தொடங்குகிறார்கள். ஓர் அற்புதம் உலகத்தைத் திருத்திவிடாது என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது.

2015-இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' படத்திலும் தண்ணீரைப் பதுக்கும் கோட்டை இருக்கிறது, பிள்ளை பெறுவதற்காக அடைத்து வைக்கப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் தப்பி ஓடுகிறார்கள், பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து கோட்டையைக் கைப்பற்றித் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். எந்தத் தீர்க்கதரிசனமும் தேவைப்படவில்லை. அதுவும் கோடிகளைக் கொட்டி எடுத்த வணிகப் படம்தான்.

கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1993-இல் எழுதிய 'பேரபிள் ஆஃப் த சோவர்' நாவல், 2024 ஜூலையில் நடப்பதாகத் தொடங்குகிறது. கல்கி நம் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த அதே மாதம்! சிதைந்துபோன அமெரிக்காவில் லாரன் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமி. அவளுக்குப் போன பிறவி எதுவும் இல்லை. விதை சேர்க்கக் கற்றுக்கொள்கிறாள், துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்கிறாள். குடியிருப்பு எரிந்த பிறகு வடக்கு நோக்கி நடக்கிறாள். வழியில் சேருகிறவர்களோடு புதிய குடியிருப்பை உருவாக்குகிறாள். எதிர்காலம் என்ற சொல்லுக்கு அந்த நாவல் தரும் பொருள் இதுதான்.

புராணத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-இல் எழுதிய 'குலாம்கிரி'யில் அவதாரக் கதைகளைத்தான் கையில் எடுத்தார். மச்சம், கூர்மம், வராகம், வாமனன் என ஒவ்வொன்றையும் மண்ணின் மக்கள் மீது நடந்த படையெடுப்பின் வரலாறாகத் திருப்பி வாசித்தார். அவருக்கு பலிச் சக்கரவர்த்தி நம்முடைய அரசன். பா. இரஞ்சித்தின் 'காலா' 2018-இல் தாராவியின் இருட்டில் இராவணனை நாயகனாக நிறுத்தியது. புராணத்தைத் தொடுகிறவர் எந்தப் பக்கம் நின்று தொடுகிறார் என்பதே கேள்வி. 'கல்கி'க்கு இரண்டாம் பாகம் உண்டு என்கிறார்கள். கீழே இருக்கும் காசி மக்கள் தாங்களே காம்ப்ளக்ஸை இறக்கினால், முதல் ஆளாகப் பாராட்ட நான் தயார். முதல் பாகத்தில் அந்த மக்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி.

'படம்தானே, இதில் ஏன் சாதியைப் பார்க்கிறீர்கள்?' என்றும் கேட்பார்கள். எதிர்காலத்தைக் கற்பனை செய்வது ஓர் அதிகாரம். நம்முடைய கடந்த காலத்தை அவர்கள் எழுதினார்கள். அதைத் திருத்தி எழுதவே நமக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வேலை முடியவில்லை. எதிர்காலத்தையும் அவர்களே எழுதி முடித்துவிட்டால், 2898-இல் பிறக்கப்போகும் நம் பிள்ளையும் யாரோ ஒருவரின் கோபுரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

இங்கே கணினி வரைகலை படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள், பொறியியல் மாணவர்கள் இருக்கிறீர்கள், கதை எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். காம்ப்ளக்ஸை வரையத் தெரிந்த கைகள் நம்மிடம் உண்டு. அதற்கு ஒரு படிக்கட்டு வரையலாமா, அல்லது முழுவதுமாகத் தரைக்கு இறக்கலாமா? கலந்துரையாடலை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.