அலுவலகத்தின் தபால் அலுவலகத்திற்கே

 

நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. விராலிமலை முதல் மணமேல்குடிக் கடற்கரை வரை ஏறக்குறைய ஐந்நூறு ஊராட்சிகள் இருக்கின்றன. இவற்றுக்கும் மாவட்ட நிர்வாகத்திற்கும், சென்னைக்கும், புதுடெல்லிக்கும் இடையே நாள்தோறும் கடிதம் போய்வர வேண்டும். முன்னாளில் தபால் பையில் சென்றவை இந்நாளில் பெரும்பாலும் மின்னஞ்சலில் செல்கின்றன. இத்துணைப் பெரிய நிர்வாகத்திற்கு மின்னஞ்சல் நிலையம் எவ்வாறு அமைக்கப்பட வேண்டும் என்பதை இன்று நாம் ஆராய்வோம். இது பொறியாளர் காரியமாயிற்றே, நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். கண்மாய்க்கு மடை கட்டுபவர் பொறியாளர்தாம்; ஆயினும் எந்த வயலுக்கு எப்போது நீர் என்பதை அறிந்திருக்க வேண்டியவர் ஆயக்கட்டுதாரர் அல்லவா?

மின்னஞ்சல் செல்லும் வழி எளியது. அனுப்புகிறவரின் நிலையம் முதலில் முகவரியின் பிற்பகுதியைப் பார்க்கிறது. அப்பெயருக்குரிய தபாலை வாங்கும் இயந்திரம் எது என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் கேட்டறிகிறது. பின்னர் அவ்வியந்திரத்தின் கதவைத் தட்டிக் கடிதத்தைக் கொடுக்கிறது. கதவு திறக்கவில்லையென்றால் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் தட்டும். வழக்கமாக நான்கைந்து நாட்கள் வரை இவ்வாறு முயலும். அதன் பின் கடிதம் அனுப்பியவரிடமே திரும்பிவிடும்.

இந்த நான்கைந்து நாள் கணக்கு நமக்கு மிக முக்கியமானது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்ததையும், மின்கம்பங்கள் வீழ்ந்ததையும், பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. மாவட்டத்தின் தபாலையெல்லாம் வாங்கும் இயந்திரம் இங்கேயே ஒரு கட்டடத்தில் இருந்து, அதுவும் மின்சாரமின்றி நின்றிருந்தால், நிவாரணம் பற்றிய கடிதங்களே திரும்பிப் போயிருக்கும். ஆகவே பெரிய நிர்வாகத்திற்கு ஒரே இயந்திரம் போதாது. ஒரு புயல் இரண்டையும் ஒருங்கே தாக்காதவாறு தொலைவிலுள்ள இரு நகரங்களில் நிலையங்கள் வேண்டும். ஒன்றில் சேரும் கடிதத்தின் நகல் மற்றொன்றிலும் சேர வேண்டும். நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து கடிதங்களை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்தும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத்தான் பலரும் மறந்துவிடுகின்றனர்.

இனி முகவரியைப் பற்றிப் பார்ப்போம். மத்திய சர்க்காரின் தேசியத் தகவலியல் மையம் 1976இல் தோன்றியது. அரசு அலுவலகங்களின் மின்னஞ்சலை நெடுங்காலமாக நிர்வகித்து வருவது அதுவே. அரசுக் காரியங்களுக்குத் தனியார் மின்னஞ்சலைப் பயன்படுத்தலாகாது என்று மத்திய சர்க்கார் 2015இல் வெளியிட்ட கொள்கை கூறியது. பொதுமக்களோடு தொடர்புடைய அதிகாரிகளுக்குப் பதவியின் பெயரிலேயே முகவரி இருத்தல் நலம் என்றும் அது பரிந்துரைத்தது.

இதன் பயன் பின்னர் நன்கு விளங்கிற்று. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனத்திற்கு 2023இல் ஒப்பந்தம் வழங்கப்பட்டு, ஏறக்குறைய 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் அந்நிறுவனத்தின் அமைப்புக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் பத்திரிகைகள் தெரிவித்தன. மின்னஞ்சலைத் தாங்கும் அமைப்பு மாறிற்று. முகவரியோ சர்க்காருடையதாகவே நீடித்தது. முகவரியின் பிற்பகுதி நமக்கே சொந்தமாயிருந்தால், தபாலை வாங்கும் இயந்திரத்தை மாற்றப் பெயர்ப் பதிவேட்டில் குறிப்பைத் திருத்தினால் போதும். பழைய கடிதங்களை நகலெடுத்துச் சேர்ப்பதுதான் நாள் பிடிக்கும் வேலை.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் ஊராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2025 ஜனவரியில் முடிவுற்றது. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. ஓர் ஊராட்சி அதுவரை தலைவரின் சொந்த முகவரியிலேயே கடிதங்களைப் பெற்று வந்திருக்குமானால், குடிநீர்த் திட்டத்தின் அனுமதி ஆணையும், தணிக்கையாளரின் கேள்வியும் அவரோடு அவர் வீட்டுக்கே போயிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒருவர் பழைய கடிதத்தைக் கேட்டால் யாரைப் போய்க் கேட்பது? முன்னாள் தலைவர் நல்லவராகவே இருக்கலாம். அதற்காக ஊராரின் ஆவணங்கள் அவருடைய கைப்பேசிக்குள் கிடப்பது முறையாகாது.

போலிக் கடிதத்தைக் குறித்தும் சிறிது சொல்ல வேண்டும். 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதியின்படி, தபால் உறையின் பின்புறம் யார் பெயரையும் எழுதலாம் என்பதுபோல, அனுப்புநர் இடத்தில் எவர் பெயரையும் இட முடியும். ஒன்றிய அலுவலகத்தின் பெயரால் "வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று எவரும் எழுதக்கூடும். இதைத் தடுக்க, தன் பெயரால் அனுப்ப உரிமையுள்ள இயந்திரங்கள் எவை என நிர்வாகம் பகிரங்கமாகப் பட்டியலிடுகிறது. ஒவ்வொரு கடிதத்திலும் மின்முத்திரை இடுகிறது. இவற்றில் தேறாத கடிதத்தைத் தள்ளிவிடுமாறு பிற நிலையங்களுக்கு அறிவிக்கிறது. முத்திரையிட்டு வந்தாலும் பணம் பற்றிய கடிதமாயின் தொலைபேசியில் ஒரு முறை கேட்டுக்கொள்வது நலம்.

ஊராட்சியின் முகவரி யாருடைய பெயரில் உள்ளது, அதன் கடவுச்சொல்லை அறிந்தவர் யார், உள்நுழைவதற்கான ரகசிய எண் எவருடைய கைப்பேசிக்கு வருகிறது என்ற மூன்றையும் ஊராட்சிச் செயலர் மூலம் அறிந்து பதிவேட்டில் எழுதிவைப்போம். ரகசிய எண் மாறுதலாகிப் போன ஒருவரின் கைப்பேசிக்கு வந்துகொண்டிருந்தால், வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்து உடனே மாற்றச் செய்வோம்.