தவறினும் தொடர்க!

(புத்தாண்டுச் சொற்பொழிவு)



ஆண்டு பிறக்கும் நாளில் சூளுரை முழங்காத இல்லம் அரிது. வைகறையில் எழுவேன், நாளும் பத்துக் கல் ஓடுவேன், இனிப்பைத் தீண்டேன் என்பர். ஒருநாள் தவறியதும், எல்லாம் போயிற்றெனச் சூளையே கைவிடுவர். தம் வலியறியாது உரைத்த சூள் அவ்வாறுதான் முடியும்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், புதுச்செயலொன்று பழக்கமாய்ப் படிய எடுத்த காலத்தின் நடுவளவு 66 நாள். சிலர்க்கு 18 நாள் போதும்; சிலர்க்கு 254 நாள் வேண்டும் எனக் கணித்தனர். இடையே ஒருநாள் தவறியமை பழக்கத்தைக் குலைக்கவில்லை. மறுநாளே மீண்டும் தொடங்குவதுதான் மெய்யான உறுதி.

உலக நலவாழ்வு அமைப்பு, வளர்ந்தோர்க்குக் கிழமைதோறும் குறைந்தது 150 மணித்துளி அளவான உடலுழைப்பை அறிவுறுத்துகிறது. நாளைக்கு 30 மணித்துளியாக ஐந்து நாள் விரைந்து நடந்தால் அது நிறைவேறும். பொருட்செலவு வேண்டா.

அந்நடையைத் தத்தம் நாட்டத்தோடு பிணைத்தல் நன்று. நூல் விரும்புவோர் நூலகம் வரை நடக்கட்டும். பறவை விரும்புவோர் ஏரிக்கரையில் நடக்கட்டும். கல்வெட்டு விரும்புவோர் பழங்கோயில் மதிலைச் சுற்றட்டும். விருப்பம் இழுக்கும் வழியில் கால் சலியாது.

நூல் திரட்டுவதில் பெருங்காதல் கொண்ட மறைமலையடிகள், 'பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்' என உடலோம்பலுக்கும் நூல் செய்தார். அறிவு நாட்டமும் உடல்நலமும் தம்முள் பகையல்ல.

சிறிதாய்த் தொடங்குக! தவறினும் தொடர்க!