விடுதியில் மிஸியிடம் என்ன சொல்ல வேண்டும்?

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில், குழந்தைகள் விடுதித் தாதிய உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



வலிகாமம் வடக்கிலே 1990 இல் விட்டுப்போன காணிகளுக்குத் திரும்பி வந்திருக்கிறீர்கள். கூரையில்லாத வீடுகளும் உடைந்த தொட்டிகளும் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஐப்பசி மழையோடு டெங்குக் காய்ச்சலும் கூடும். நுளம்பைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். பிள்ளையை விடுதியில் அனுமதித்த பிறகு உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் நடக்க வேண்டிய கதையைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

டெங்குக் கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. பிள்ளையைக் காப்பாற்றுவது தண்ணீர்க் கணக்குத்தான். காய்ச்சல் விடுகிற நேரத்தில் சில பிள்ளைகளுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். அது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அப்போது உடம்புக்கு நீர் குறைந்தாலும் ஆபத்து. கூடினால் நெஞ்சில் நீர் கட்டி மூச்சு முட்டும். அதனால்தான் எவ்வளவு குடித்தது, எவ்வளவு சிறுநீர் போனது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "கொஞ்சம் குடிச்சவன் மிஸி" என்றால் எதை எழுதுவது? அளவுக் கோப்பையைப் பார்த்து, "100 மில்லிலீற்றர் இளநீர்" என்று சொல்லுங்கள். அம்மம்மா போத்தலில் கொண்டுவந்து பருக்கிய கஞ்சித் தண்ணியும் கணக்குத்தான். சிறுநீரை அளக்காமல் ஊற்றிவிடாதீர்கள்.

பப்பாசி இலைச்சாறு கொடுத்துவிட்டு, ஏசுவோம் என்று சிலர் மறைக்கிறார்கள். ஏசுகிற மிஸிமாரும் இருக்கிறார்கள்தான். இரவு வேலையில் ஒரு ஆள் எத்தனை கட்டிலைப் பார்க்கிறது! ஆனாலும் சொல்லுங்கள். பனடோல் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆறு மணித்தியாலத்துக்குள் அடுத்தது கொடுக்கக்கூடாது. புரூபன் கொடுத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், அது இரத்தக் கசிவைக் கூட்டலாம். சிவப்பு, மண்ணிறப் பானங்கள் வேண்டாம். பிள்ளை சத்தி எடுத்தால் அது இரத்தமோ என்று பிரித்தறிய முடியாது.

"காய்ச்சல் விட்டிட்டுது, துண்டு வெட்டித் தாங்கோ" என்று கேட்கிறீர்கள். அன்றைக்குத்தான் நாங்கள் பிள்ளையைக் கூடக் கவனிக்கிறோம். வீட்டில் மற்றப் பிள்ளைகள் தனிய, மேசன் வருகிற நாள், இதெல்லாம் எங்களுக்கும் விளங்கும். காரணத்தைச் சொன்னால் அம்மம்மாவோ சித்தியோ மாறி நிற்க ஒழுங்கு செய்யலாம். சொல்லாமல் மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வயிற்றுக்குத்து, விடாத சத்தி, குளிர்ந்த கைகால், சோர்வு, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நடுச்சாமமென்று பாராமல் எங்களை எழுப்புங்கள். தெற்கிலிருந்து வந்த மிஸிக்குத் தமிழ் விளங்காவிட்டால் பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்டுங்கள், பக்கத்துக் கட்டில்காரரையும் கூப்பிடுங்கள்.

இடப்பெயர்வில் பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு தொலைந்திருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இலவச அம்புலன்சுக்கு 1990. ஊரை விட்டுப் போன ஆண்டுதான், மறக்காது. தெல்லிப்பழைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வரும்போது பதிவேட்டையும், வீட்டில் கொடுத்த மருந்துகளின் உறைகளையும் கையோடு கொண்டுவாருங்கள்.