வறண்ட தோலுக்குக் களிம்பு: பூசும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

(மார்கழி முதல் ஞாயிறு மாலை, நம் சங்கத்தின் உடல்நலச் சந்திப்பில், 'பி' பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருந்தாளுநர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம். – செய்திமடல் குழு)

எட்டு மணிக்குப் பிள்ளைகளுக்கு இந்த ஹால் வேண்டுமாம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மழை ஓய்ந்து பனி இறங்க ஆரம்பித்ததிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான். "கால் வெடிப்புக்கு என்ன போடலாம்?" "குழந்தைக்குக் கன்னம் சொரசொரவென்று இருக்கிறது, நல்ல க்ரீம் சொல்லுங்கள்." பத்து நிமிடத்தில் பதினைந்து பதில் வந்துவிடுகிறது. எல்லாம் நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் அந்தப் பதில்களில் சில சாதாரண ஈரப்பதக் களிம்புகள், சில மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாத மருந்துகள். ட்யூபைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

தோல் ஏன் வறள்கிறது?

தோலின் மேல் அடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடும், வெளியே இருக்கும் சோப்பும் தூசியும் உள்ளே நுழையும். அரிப்பும் எரிச்சலும் அப்படித்தான் தொடங்குகின்றன. சொறிந்தால் சுவர் இன்னும் உடையும், அரிப்பு இன்னும் கூடும்.

சாந்தை உதிர்ப்பது பெரும்பாலும் நாமேதான். நம் தோலின் அமில-கார அளவு சுமார் 5. சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 வரை போகும். அதோடு கொதிக்கக் கொதிக்க வெந்நீர், நார் வைத்துத் தேய்ப்பது, இரவு முழுக்க ஏ.சி. போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து தோலில் படலமாக ஒட்டும். வயதாக ஆகத் தோலின் எண்ணெய்ச் சுரப்பும் குறையும். அதனால்தான் அறுபது தாண்டியவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே மீன் செதில் மாதிரி வெளுத்துத் தெரிகிறது.

எதை வாங்குவது?

ஈரப்பதப் பூச்சுகளில் மூன்று வேலை செய்யும் பொருட்கள் இருக்கும். கிளிசரின், யூரியா போன்றவை ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். சில கொழுப்புகள் பிளவை நிரப்பும். பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை மேலே மூடி, உள்ளே இருக்கும் ஈரம் போகாமல் காக்கும். லோஷனில் தண்ணீர் அதிகம், க்ரீமில் அதைவிடக் குறைவு, களிம்பில் ஏறக்குறைய எல்லாமே எண்ணெய்ப் பசைதான்.

எது சிறந்தது? பிரிட்டனில் கரப்பான் உள்ள 550 குழந்தைகளிடம் லோஷன், க்ரீம், ஜெல், களிம்பு நான்கையும் ஒப்பிட்டு 2022இல் முடிவை வெளியிட்டார்கள். பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். நீங்கள் தினமும் சலிக்காமல் பூசுவது எதுவோ அதுதான் உங்களுக்கு நல்லது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பகலில் களிம்பு பிசுபிசுக்கும், வியர்க்குரு கிளம்பும். பகலில் லோஷன், இரவில் வெடித்த குதிகாலுக்கும் கைக்கும் களிம்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசனை சேர்க்காததாகப் பாருங்கள். "மூலிகை", "இயற்கை" என்று எழுதியிருந்தால் ஒவ்வாமை வராது என்று அர்த்தமில்லை. புதிதாக வாங்கியதை முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் மற்ற இடங்களுக்குப் போகலாம். யூரியா, சாலிசிலிக் அமிலம் சேர்ந்தவை தடித்த குதிகாலுக்கு நல்லவை. ஆனால் ரத்தம் கசியும் வெடிப்பில் பட்டால் காந்தும்.

பூசும் முறை

வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியலை முடியுங்கள். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றுக்குப் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன்பே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூசிவிடுங்கள். முடி வளரும் திசையில் மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும். எதிர்த் திசையில் அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைத்துக் கொப்புளம் வரும்.

டப்பாவுக்குள் விரலை விடாதீர்கள். காய்ந்த சுத்தமான ஸ்பூனால் எடுங்கள். ஒரே டப்பாவை வீடு முழுக்கப் பயன்படுத்தினால் ஒருவர் தோலில் உள்ள கிருமி எல்லோருக்கும் போகும். டப்பாவின் பின்புறம் திறந்த மூடி போல ஒரு சின்னப் படமும், அதில் 6 அல்லது 12 என்று எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் அதன் ஆயுள்.

பூசிய காலோடு டைல்ஸ் தரையில் நடக்காதீர்கள். பெரியவர்கள் கட்டிலில் உட்கார்ந்து பூசி, பருத்திக் காலுறை போட்ட பிறகு காலைக் கீழே வையுங்கள். அந்தக் காலுறையும் வழுக்காததாக இருக்கட்டும். இடுப்பு எலும்பு முறிவோடு ஒப்பிட்டால் கால் வெடிப்பு ஒன்றுமே இல்லை.

கற்பூரமும் களிம்பும்

இது பலருக்குப் புதிதாக இருக்கும், கொஞ்சம் கவனியுங்கள். களிம்பு பூசிய உடம்பில் இருந்து அது நைட்டி, வேட்டி, துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் ஊறும். அப்படி ஊறிக் காய்ந்த துணியில் தீப்பொறி பட்டால் சாதாரணத் துணியைவிட வேகமாகப் பற்றிக்கொள்ளும், அணைப்பதும் கடினம். பிரிட்டனில் மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு 2018 டிசம்பரில் இதைப் பற்றி எச்சரித்தது. பாரஃபின் உள்ளவை மட்டுமல்ல, பாரஃபின் இல்லாத ஈரப்பதப் பூச்சுகளுக்கும் இது பொருந்தும் என்று சொன்னது. அங்கே இப்படி இறந்தவர்களில் அதிகம் பேர் வயதானவர்கள், அதிகம் நடமாட முடியாதவர்கள், புகை பிடித்தவர்கள்.

நம் வீடுகளில் சிகரெட் இல்லாவிட்டாலும் காலையில் குத்துவிளக்கு, கற்பூர ஆரத்தி, கேஸ் அடுப்பு, கொசுவத்திச் சுருள் இருக்கின்றன. மார்கழியில் வாசலில் அகல் வேறு. இரவு களிம்பு பூசிப் படுத்த அதே நைட்டியோடு விளக்கேற்றவோ அடுப்படிக்கோ போகாதீர்கள். உடை மாற்றிக்கொள்ளுங்கள். களிம்புக்கென்று இரண்டு பழைய பருத்தி உடைகளை ஒதுக்கி வையுங்கள், அடிக்கடி வெந்நீரில் துவையுங்கள். துவைத்தால் பசை குறையும், ஆனால் முழுதாகப் போய்விட்டது என்று நம்பக் கூடாது. வீட்டில் வேலை செய்ய வரும் அம்மாவிடமும், பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வருபவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். பூசிவிடுவது பல வீடுகளில் அவர்கள்தான்.

"அந்த க்ரீம் ஒரே நாளில் கேட்டது"

ஒரே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பு மறைந்தது என்று யாராவது சொன்னால் முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்ளோமெத்தசோன், ஃப்ளுவோசினோலோன் – இவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. ஈரப்பதக் களிம்பு அல்ல.

ஸ்டீராய்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. கரப்பானுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்து, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசினால் அது அருமையான மருந்து. பயந்துகொண்டு பாதியில் விடுவதும் தவறுதான். ஆனால் தானாக வாங்கி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும், முகத்தில் பரு கிளம்பும், நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவந்து எரியும். படர்தாமரையில் பூசினால் அரிப்பு அடங்கியது போல இருக்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். முகம் வெளுக்க என்று இதைப் பூசும் பழக்கம் நம் நாட்டில் எவ்வளவோ பேரின் முகத்தைக் கெடுத்திருக்கிறது. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததற்கு இதுதான் காரணம். அட்டையின் இடது ஓரத்தில் நெடுகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு மருந்து.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். ஈரப்பதக் களிம்பையும் ஸ்டீராய்டையும் ஒன்றாகக் குழைக்காமல், இரண்டுக்கும் நடுவே இருபது முப்பது நிமிடம் விடுங்கள்.

குழந்தைகள், சர்க்கரை உள்ளவர்கள்

கைக்குழந்தைக்கு ஆலிவ் எண்ணெய் வேண்டாம். அது தோலின் அரணைப் பலவீனப்படுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேங்காயெண்ணெய் பல பிள்ளைகளுக்கு ஒத்துப்போகிறது. கற்பூரம் சேர்ந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பூசவே கூடாது, வலிப்பு வரலாம். யாருக்குமே மூக்குக்குள் பெட்ரோலியம் ஜெல்லியைத் தினமும் தடவும் பழக்கம் வேண்டாம். எண்ணெய்ப் பசை கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குப் போய் ஒருவகை நிமோனியா வரலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தின் மேலும் குதிகாலிலும் தினமும் பூசுங்கள். விரல் இடுக்குகளில் மட்டும் பூசாதீர்கள். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். பூசும் நேரத்தைப் பாதத்தைப் பரிசோதிக்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் காயம் வலிக்காது, கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எப்போது களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போவது?

நீர் கசிந்து மஞ்சள் பொருக்கு கட்டினால், அல்லது காய்ச்சலோடு தோல் சூடாக வீங்கினால்.

இரவில் அரிப்பு அதிகமாகி வீட்டில் ஒவ்வொருவராக எல்லோருக்கும் வந்தால். அது சிரங்காக இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தேவை.

வெளிறிய படையில் உணர்ச்சி இல்லாவிட்டால். தொழுநோய் இன்னும் முழுதாக ஒழியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவச மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் எந்தக் குறையும் இல்லாமல் குணமாகும்.

பெரியவர்களுக்குத் தடிப்பே இல்லாமல் உடம்பெல்லாம் அரித்தால். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்து இவற்றில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் குறையாவிட்டால்.

சபையில் கேட்ட இரண்டு கேள்விகள்

"தோல் வறட்சிக்காக எல்லா வீட்டுக்கும் வாட்டர் சாஃப்ட்னர் போடலாமா, சார்?"

குழாயும் கீசரும் உப்புப் படியாமல் இருக்க அது உதவும். ஆனால் இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளின் வீடுகளில் பொருத்திப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், தோலுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. தோலுக்காக மட்டும் என்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். சோப்பைக் குறையுங்கள், குளித்ததும் பூசுங்கள்.

"என் பேரனுக்குக் கேட்ட மருந்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால் என்னம்மா தப்பு என்று என் மாமியார் கேட்கிறார்."

அம்மா கேட்பது பாசத்தில்தான். ஈரப்பதக் களிம்பாக இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், அவர்கள் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். சீட்டு மருந்தாக இருந்தால் மருத்துவரின் பெயரைச் சொல்லுங்கள், மருந்தின் பெயரைச் சொல்லாதீர்கள். நம் குழுவிலும் இதையே ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளரிடம் கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது அட்டையைப் படித்துச் சொல்ல வேண்டுமானால் மாலை ஐந்து மணிக்கு மேல் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பிள்ளைகள் வாசலில் காத்திருக்கிறார்கள்.